உயிரோடிருந்தவருக்குச் செய்த கருமாதி

ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்துவிடும். அப்பாவின் பதக்கத்தை எடுத்து வரச் சொல்லுவார்கள், பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லுவார்கள். நானும் போவேன். காஷ்மீரத்து மலைமுகட்டில் அப்பா ஒற்றை ஆளாகத் துப்பாக்கியோடு படுத்துக் கிடந்ததையும், அதற்குள் மற்றவர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கித் தப்பியதையும் சொல்லுவேன். பிள்ளைகள் கை தட்டும். தலைமையாசிரியர் சால்வை போடுவார். என் ஆத்தாவைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெற்ற தாயை ஆத்தா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். வீரரின் மனைவி என்று ஒருத்தி இருந்தாளே, அவள் என்ன ஆனாள் என்று கேட்க வேண்டாமா? அடப் போங்கய்யா என்று இருக்கும்.

தந்தி வந்தது நாற்பத்தெட்டில். அப்போது நான் அன்னவாசல் பக்கம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளை. சண்டைக்குப் பிறகு அப்பாவைக் காணவில்லை என்றுதான் தந்தியில் இருந்தது. செத்தார் என்று இல்லை. அதற்கப்புறம் மழைக்காலம் போனது, அறுப்பும் முடிந்தது, ஒரு சேதியும் இல்லை. பெரியப்பா, அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன், பங்காளிகளைக் கூட்டி வைத்துப் பேசினார்.

“காரியம் பண்ணாம விட்டா ஆவி அலையும். இந்த வீட்டுல ஒரு நல்லது நடக்காது” என்றார்.

ஆத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “காணோம்னுதானே சொல்லியிருக்கான். காணாமப் போன மாட்டக்கூட நாலு ஊரு தேடுறோம். இவரு மனுசனில்லையா?” என்று கேட்டாள்.

யார் கேட்டார்கள்? நாள் குறித்து, கருமாதியன்று விடியற்காலையில் ஊருணிக் கரைக்கு அவளை நடத்திக்கொண்டு போனார்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வளையலை உடைத்தார்கள். தாலியை அறுத்துப் பால் சொம்பில் போட்டார்கள். பிறந்த வீட்டிலிருந்து வந்த வெள்ளைக் கோடிச் சேலையை மேலே போர்த்தினார்கள். உடைந்த வளையல் கையைக் கீறி ரத்தம் வந்தது. அதைக் கழுவி விடக்கூட ஒருத்தியும் குனியவில்லை.

அடுத்த வருஷம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார். எதிரிகளிடம் அகப்பட்டுக் கிடந்தவரை விடுவித்திருந்தார்கள். ஒரு காலை விந்தி விந்தி நடந்தார். ஊரே பின்னால் ஓடி வந்தது. ஆத்தா வெள்ளைச் சேலையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்து, அவரைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வாசற்படியில் கால் வைக்கப் போனார். என் அத்தை, அவருடைய தங்கைதான், குறுக்கே விழுந்து தடுத்தாள்.

“அண்ணே, வாசல்ல கால வைக்காதீங்க! ஒங்களுக்குக் காரியம் முடிஞ்சிருச்சு. காரியம் முடிஞ்சவரு வாசல் வழியா வந்தா குடும்பத்துக்கு ஆகாது.”

அப்பா எடுத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டார். வேலியைப் பிரித்து, கொல்லைப் பக்கமாக மாட்டுக் கொட்டிலில் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்குச் செய்வதுபோல் காதில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம்தான் அடுப்படி வழியே உள்ளே விட்டார்கள். ஒரு நல்ல நாளில் திருவரங்குளம் கோயிலில் வைத்து ஆத்தாவுக்கு அவர் மறுபடி தாலி கட்டினார். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள், பாவம்.

அப்பாவுக்கு எல்லாம் சரியாகத்தான் ஆனது. பதக்கம் வந்தது. குளத்தூரில் மேடை போட்டு மாலை மரியாதை செய்தார்கள். திருவிழாவில் முதல் விபூதி அவருக்கு. ஆனால் ஒரு வீட்டு நலங்குக்கு, ஒரு வளைகாப்புக்கு ஆத்தாவை அழைத்தார்களா? இல்லை. கழுத்தில் தாலி தொங்குகிறது, புருஷன் எதிரே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார், இவள் பெயர் மட்டும் ‘அறுத்தவள்’. “ஒரு தடவ அறுத்த கழுத்து, நல்ல காரியத்துல எதுக்கு?” என்று அவள் காதுபடவே சொன்னார்கள். குங்குமச் சிமிழ் பெண்கள் வரிசையில் கைமாறி வரும்போது அவளுக்கு முன்னால் இருப்பவள் எழுந்து, அவளைத் தாண்டிப் போய் அடுத்தவளிடம் கொடுப்பாள். நல்லா இருக்கே நியாயம்!

என் கல்யாணத்திலும் அதே கதைதான். எனக்கு மஞ்சள் பூச, ஆரத்தி எடுக்க, எல்லாவற்றுக்கும் அத்தைதான் முன்னால் நின்றாள். பெற்றவள் சமையல் கொட்டகையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணவறைக்குப் போகுமுன் அப்பாவிடம் போனேன். சட்டையில் பதக்கம் குத்தியிருந்தார்.

“அப்பா, ஆத்தா வந்து பூசினாத்தான் நான் மணையில ஒக்காருவேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா ஊரு கேக்கும்” என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். “அங்கிட்டுச் சுடுறவன் யாருன்னு தெரியும்மா. இங்கிட்டு எல்லாரும் நம்மாளுக. நான் யாரப் போயி என்ன சொல்ல?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தா ஈரக் கையோடு ஓடி வந்தாள். “நல்ல நாளும் அதுவுமா என்னடி பேச்சு? போயி ஒக்காரு” என்று என்னைத் தள்ளிவிட்டாள். போய் உட்கார்ந்தேன். அப்பாவை நான் மன்னித்தேனா என்று கேட்டால், இன்றுவரை தெரியவில்லை. மலையில் தோளோடு தோள் நின்றவர்களுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர், வீட்டுக்காரிக்காக ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. அவர் நல்லவர்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அறுபதுகளின் நடுவில் அப்பா காய்ச்சலில் இறந்தார். தாலுகா ஆபீஸிலிருந்து மாலையோடு வந்தார்கள். பதக்கத்தை நெஞ்சில் வைத்துத்தான் தூக்கினார்கள். கருமாதியன்று விடியற்காலையில் அதே ஊருணிக் கரை, அதே பால் சொம்பு. அத்தை தாலியைப் பிடிக்கக் கை நீட்டினாள். ஆத்தா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“இவருக்கு ஒரு தடவ அறுத்தாச்சு. ஒருத்தருக்கு எத்தன தடவ அறுக்கச் சொல்றீங்க?”

எல்லாரும் திகைத்துப் போனார்கள். பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். “புத்தி கெட்டுப் போச்சா? அப்ப அவன் உசுரோடத்தானே இருந்தான். அது எப்படிச் சேரும்? அப்ப அறுத்தது அறுத்ததே இல்ல” என்று அதட்டினார்.

ஆத்தா அவர் எதிரில் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததேயில்லை.

“அறுத்ததே இல்லையா? பெறகு எதுக்கு மாமா இத்தன வருசம் என்னைய அறுத்தவளுன்னு ஒதுக்கி வச்சீங்க? எம் மக கல்யாணத்துல எதுக்கு என்னையக் கொட்டகையில ஒக்கார வச்சீங்க?”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினாள்.

ஆத்தா தாலியை மாராப்புக்குள் எடுத்து விட்டுக்கொண்டாள். கோடிச் சேலை விரித்தது விரித்தபடி கரையில் கிடந்தது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு, தலை நிறையப் பூவோடு அவள் கரையேறி ஊருக்குள் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வீட்டை நெருங்கியதும், அப்பாவைத் தடுத்து நிறுத்திய அந்த வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாசல் வழியாகவே உள்ளே போய், அவர் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து, அவருக்காக அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.