அலுவலகத்தில் நடந்த கிளினிக்

எங்கள் கிளினிக்கின் கூரைத் தகடுகளைக் காற்று தூக்கிக்கொண்டு போனபோது என் மகள் தவழத் தொடங்கியிருந்தாள். திருத்தித் தருகிறோம் என்று கதவைப் பூட்டியவர்கள் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. பிள்ளையை நிறுக்கவும் ஊசி போடவும் அடுத்த ஊருக்கு ஓட்டோ பிடிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஆண்கள்தான் இறங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பிரதான வீதியில் கூடிக் கோஷம் போட்டார்கள். என் கணவரும் போனார். பதாகையில் கிளினிக்கோடு தெருவிளக்கு, வடிகான், வேலைவாய்ப்பு எல்லாம் ஏறியிருந்தன. ஆளுக்கொரு பேச்சு. பசி வந்ததும் கலைந்துவிட்டார்கள். சுகாதார அதிகாரி அன்று லீவு என்பது பிறகுதான் தெரிந்தது.

தொண்டை கட்டி வீடு வந்த என் கணவரைப் பார்த்து, என் மூத்த சகோதரி, ராத்தா, சிரித்தாள். அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது.

"ஒண்டே ஒண்டக் கேப்பம். அதத் தரக்கூடியவர்ர முகத்துக்கு முன்னால போய்க் கேப்பம்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். அன்று காலை தாய்மாரெல்லாம் பிள்ளைகளோடு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். அதே கிளினிக்குக்கு வரும் பக்கத்துக் காரைதீவின் எல்லை வீதித் தமிழ்ப் பெண்களும் வந்தார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. ராத்தா அதிகாரிக்கு ஸலாம் சொன்னாள்.

"சேர், இண்டைக்கு எங்கட கிளினிக் நாள். அங்க பூட்டிக் கிடக்கு. புள்ளையள இஞ்சயே நிறுத்துப் பாருங்க."

விஷயம் மேலிடத்தில் இருக்கிறது என்றார் அவர். அப்படியென்றால் இருக்கிறோம் என்று வராந்தாவில் உட்கார்ந்தோம். சத்தம் போடாத தாய்மாரை எந்தப் பொலிஸைக் கூப்பிட்டு விரட்டுவது? ஒரு பிள்ளை அழ, மற்றவையும் தொடங்கின. என் மகள் அவர் மேசைக்கடியில் தவழ்ந்து போய்க் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஸ்டோரிலிருந்து தராசு வந்தது. மிட்வைஃபைக் கூப்பிட்டார்கள். யன்னல் கம்பியில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தார்கள்.

புறப்படும்போது ராத்தா சொன்னாள்: "நல்ல வசதியா இருந்திச்சு சேர். அடுத்த கிளினிக்குக்கும் இஞ்சயே வாறம்."

சொன்னபடி போனோம். இந்தத் தடவை கூட்டம் இன்னும் அதிகம். கிளார்க்மார் பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார்கள். அதிகாரி மேலிடத்துக்கு போன் எடுத்து, அழுகிற ஒரு பிள்ளையின் பக்கம் அதை நீட்டி, "கேக்குதா சேர்?" என்று கேட்டார். அந்தக் கணத்திலிருந்து அவரும் எங்கள் பக்கம்தான் என்று எனக்குப் பட்டது. யாரோடும் சண்டை பிடிக்காமல், எங்கள் கஷ்டத்தை அவருடைய கஷ்டமாகவும் ஆக்கிவிட்டாள் ராத்தா.

தகடுகள் வந்தன. கிளினிக் திறந்தது. ரிப்பன் வெட்ட வரவேண்டிய அரசியல்வாதி பிந்திவிட்டார். மிட்வைஃப் காத்திருக்கவில்லை, பின்கதவைத் திறந்து எங்களை உள்ளே எடுத்தாள். அவர் வந்து முன்வாசலில் பேசத் தொடங்கியபோது உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பேச்சில் ஒரு சொல்லும் எங்களுக்குக் கேட்கவில்லை.