என் மனைவிக்கு நான் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர்

என் மனைவி வீடியோ எடிட்டிங் பழகியது போனில். அவளுடைய சித்தி மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்த வீடியோக்காரர் கொடுத்த இரண்டரை மணி நேரத்தை அவள் ஒன்பது நிமிடமாக வெட்டினாள். சித்திக்கு மட்டும் வருத்தம். இரண்டரை மணி நேரத்தில் ஐந்து இடங்களில் வந்தவர், ஒன்பது நிமிடத்தில் ஓரிடத்தில்தான் வந்தார். அதுவும் முதுகு. மற்றவர்கள் கடைசிவரை பார்த்தார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு விசேஷ வீடியோவைக் கடைசிவரை பார்த்தது அதுவே முதல் தடவை.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் கோழி டாக்டர். கோழிப்பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரை நாமக்கல்லில் அப்படித்தான் சொல்வோம். கோடையில் கோழிகளைக் காப்பாற்றுவது பற்றிப் பண்ணைக்காரர்களுக்காக எட்டு வீடியோ போட வேண்டும் என்று அவர் பண்ணை பண்ணையாகப் போய்ப் படம் பிடித்து வைத்திருந்தார். தை பிறந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தார்.

"மாசி முடியறதுக்குள்ள முதல் வீடியோ வந்துரோணும்மா. பங்குனியில வெயில் வந்துரும். அப்பறம் வீடியோ பார்த்து என்ன பண்றது, கோழி செத்திருக்கும். முதலாவது நேரத்துக்கு வந்துட்டா மிச்சம் ஏழும் உங்களுக்குத்தான். வரலீன்னா சேலத்துல ஒரு ஸ்டூடியோ கேட்டுக்கிட்டு இருக்காங்க."

என் மனைவிக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை அவள் செய்த எந்த வேலைக்கும் யாரும் சம்பளம் தருவதாகச் சொன்னதில்லை, நான் உட்பட. டாக்டர் போனதும் அவள் அடுப்படிக்குப் போனாள். அன்று ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

போன் தாங்கவில்லை. டாக்டரின் முதல் வீடியோவே வெயில் தாக்கிய கோழியை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான். கோழி அலகைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கையை விரித்து வைத்துக்கொள்ளும் என்று அவர் சொல்லும் இடம் வந்ததும் போன் கொதித்து அணைந்துவிடும். அதைத் தரையில் வைத்துப் பார்த்தோம். ஈரத்துணிமேல் வைத்துப் பார்த்தோம். மத்தியானத்தில் வேலை கொடுக்காமல் விட்டுப் பார்த்தோம். எல்லாம் டாக்டர் கோழிக்குச் சொன்ன வைத்தியம். கோழிகள் பிழைத்திருக்கும்.

"ஒரு கம்ப்யூட்டர் வாங்கோணுங்க" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்கு முன் இந்த வாக்கியத்தை நான் சொன்னது சமையலறைக் குழாய் சொட்டியபோது. அந்தக் குழாய் இப்போது சொட்டுவதில்லை. ஓடுகிறது.

நான் ஒரு விடுதிப் பள்ளியில் நூலகர். அங்கே பிள்ளைகள் காலை ஐந்து மணியிலிருந்து படிப்பதால், படிப்பதற்கு அவர்களுக்கு நேரம் கிடையாது. நூலகத்துக்கு யாரும் வருவதில்லை. ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. தை மாதம் முழுவதும் ஆராய்ந்தேன். பிராசஸர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டம் போட்ட பட்டியல் தயாரித்தேன். எல்லாம் ஐம்பதாயிரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காதபோது மானிட்டரைச் சிறிதாக்கினேன். 'பாட்டில்நெக்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன். மற்ற பாகங்கள் எல்லாம் தயாராக இருந்தும் ஒரு பாகம் மெதுவாக இருப்பதால் மொத்தமும் நின்றுபோவதற்கு அந்தப் பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பாகம் எது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் ரேம் விலை ஏறியது. நாமக்கல்லில் முட்டை விலை தினமும் மாறும். ஏறியது இறங்கும், இறங்கியது ஏறும். அந்த அனுபவத்தில் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். ரேமை இடுவது கோழி இல்லை என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மாசி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் அண்ணன் வந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கம்பெனியிலிருந்து வெறும் எலும்பாக வரும் வண்டிக்கு மரமும் தகரமும் வைத்து உடம்பு கொடுப்பது அவர் தொழில்.

"என்ன மாப்ளே, இன்னுமா முடியல? அங்கெ சேசிஸ் வந்து எறங்கி, நாங்க பாடி கட்டி, பெயிண்ட் அடிச்சு, வண்டி ரெண்டு ட்ரிப்பு போயிட்டு வந்துருச்சு."

பட்டியலை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். புரியாததைப் படிக்கும்போது அவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"லோடு என்ன?"

"லோடா?"

"முட்டை ஏத்தற வண்டியா, ஜல்லி ஏத்தற வண்டியா? அதைக் கேக்காம எங்க பட்டறைல ஒரு ஆணி அடிக்க மாட்டோம்."

ஃபோர்கே என்றேன். கலர் கிரேடிங் என்றேன். முப்பரிமாணம் என்றும் ஏதோ சொன்னேன். அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, உனக்கு என்ன வேணும்?"

ஒரு மாதத்தில் இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். விளக்கம் எதுவும் இல்லை.

"டாக்டரு அவரு போன்லதாண்ணா எடுக்கறாரு. முப்பது நாப்பது துண்டா வருது. இழுத்துப் பாத்தா திக்காம ஓடோணும். நான் பேச்சைக் கேட்டுத்தான் வெட்டறேன். ஆளு மூச்சு விடற எடத்துல வெட்டுனா வெட்டுனதே தெரியாது. ஹெட்போன் காதுல மாட்டுனா எனக்குத் தலைவலி வருது. அதனால மிஷினு சத்தம் போடக் கூடாது. அப்பறம், கண்ணு கொஞ்சம் மங்கல். பெருசாத் தெரியோணும்."

என் பட்டியலில் இருந்த கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்று விசிறி. மானிட்டர், அந்தக் கார்டுக்கு இடம் விட்டுக் கொடுத்து, ஏறக்குறைய தபால் அட்டை அளவுக்கு வந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் மச்சானின் காரில் சேலம் போனோம். கடைக்காரர் என் பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இது யாருங்க சார் போட்டது?"

"நெட்டுல இருந்துச்சு" என்றேன்.

"இந்த போர்டுல இந்த பிராசஸர் உக்காராதுங்க. சாக்கெட் வேற."

"மாப்ளே" என்றார் மச்சான் மெதுவாக, "ஒரு மாசமாப் பொருத்தம் பாத்தீங்களே."

பிறகு என் மனைவி பேசினாள். அண்ணனிடம் சொன்னதையே சொன்னாள். கடைக்காரர் குறித்துக்கொண்டே வந்தார். போன் வீடியோவுக்கு, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசஸர் போதும், தனிக் கார்டு பின்னால் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்றார். விண்டோஸும் அப்போதைக்கு நடக்கிற வேலையும் இருக்க ஒரு எஸ்.எஸ்.டி., முடிந்ததைப் போட்டு வைக்க ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க். ரேம் பதினாறு ஜி.பி., ஆனால் ஒன்றாக வேண்டாம், இரண்டு எட்டாக. ஜோடியாகப் போட்டால் வேகம் கூடும்.

"பின்னாடி ரெட்டை டயரு" என்று மச்சான் எனக்கு மொழிபெயர்த்தார்.

"ரேம் என்ன விலைங்க?" என்றாள் என் மனைவி. சொன்னார். "தையில என்ன வெலை வித்துச்சு?" அதையும் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு மவுஸ் பேடின் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

பாகங்களை எல்லாம் வைத்து மூடும் கேபினட்டில்தான் எனக்கு ஒரு பிடிவாதம் மிச்சமிருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு எரியும் ஒன்றைக் காட்டினேன். அவள் அந்தக் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"காத்து எப்புடிங்க உள்ள போகும்?"

"சைடுல சின்னச் சந்து இருக்குதுங்க மேடம்."

"மூடி வெச்ச ஷெட்டு மாதிரி இருக்குது. ஒரு பக்கம் காத்து வந்து மறுபக்கம் சூடு வெளிய போகோணுமில்லீங்க?"

முன்பக்கம் வலை வைத்த, கறுப்பான, எந்த அழகும் இல்லாத ஒரு பெட்டியை எடுத்தாள். சின்ன விசிறி வேகமாகச் சுற்றினால் இரைச்சல் வரும், பெரிய விசிறி இரண்டு மெதுவாகச் சுற்றட்டும் என்றாள்.

கடைக்காரர் பேனாவை மூடினார். "இதுக்கு முன்னாடி அசெம்பிள் பண்ணியிருக்கீங்களா மேடம்?"

"இல்லீங்க. கோழி" என்றாள்.

மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், எஸ்.எம்.பி.எஸ்ஸில், மலிவானதைப் போட்டு அந்த மிச்சத்தில் விளக்காவது வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பிரேக்குல காசு மிச்சம் புடிச்சு ஹாரன் வாங்கற ஆளு இவுரு" என்று மச்சான் கடைக்காரரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். கிராபிக்ஸ் கார்டு வாங்காததில் மிஞ்சிய பணம் மானிட்டருக்குப் போனது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரில் இருந்த ஒவ்வொரு திரையிலும் எழுத்தைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். என் தேர்வு என்று அந்தக் கம்ப்யூட்டரில் இன்றும் இருப்பது மவுஸ் பேடு.

மாசியில் மிச்சம் இரண்டு வாரம் இருந்தது. நான் பள்ளிக்குப் போன பிறகு உட்கார்ந்து, நான் வருவதற்குள் எழுந்துவிடுவாள். ஆறு நிமிட வீடியோ. தொடக்கத்தில் வரும் எழுத்தை மட்டும் என்னிடம் கேட்டாள். 'கோடை என்னும் கொடுங்கோலன் தன் அனல் படையுடன் புறப்படும் வேளையில்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து 'கோடை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டாள்.

ஒரே ஓர் இடத்தில் நான் கருத்துச் சொன்னேன். ஒரு பண்ணைக்காரர் போன வருஷம் ஒரே மத்தியானத்தில் எத்தனை கோழி போனது என்று சொல்லத் தொடங்கி, எண்ணிக்கை வருவதற்கு முன் நிறுத்திவிடுகிறார். நான்கு விநாடிக்குப் பேச்சு இல்லை. பின்னால் விசிறிச் சத்தம். "இதை வெட்டிடலாம், காலியா இருக்குது" என்றேன்.

"அங்கெ வெட்டக் கூடாதுங்க" என்றாள். வெட்டவில்லை.

மாசி இருபத்தேழில் டாக்டருக்கு அனுப்பினாள். மூன்று நாள் பதில் இல்லை. போனை அவள் அடுப்படி மேடையில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்திருந்தாள். சேலத்து ஸ்டூடியோவில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

பங்குனி முதல் தேதி காலையில் போனில் டாக்டரின் குரல் பதிவு வந்தது. "ஊர் ஊரா அலஞ்சுக்கிட்டு இருந்தேம்மா, இப்பத்தான் பாத்தேன். அந்தப் பண்ணைக்காரரு பேசாம நிக்கறாரில்ல, அத அப்புடியே வெச்சிருக்கீங்க. நல்லது. ரெண்டாவது எப்பக் குடுப்பீங்க?"

அவள் அதை இரண்டு தடவை கேட்டாள். "வெள்ளிக்கிழமைங்க டாக்டர்" என்று பதில் சொன்னாள். முடியுமா என்று என்னைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, இரண்டாவது வீடியோவின் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"ஏனுங்க" என்றாள் திரும்பாமல். "அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க. சத்தம் வருது."

எழுந்து போய் நிறுத்தினேன்.