ரெமிஜியஸ் தேய்த்துத் தீர்த்த கார்

பெங்களூரில் ஓடாத கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. சில்க் போர்டில் சிக்னலுக்காகக் காத்திருப்பவர்கள் ஒரு வகை. ரெமிஜியஸ் இன்னொரு வகை.

லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. எந்த வீட்டு கேட் பாதி மட்டும் திறக்கிறதோ, அதுதான். மறுபாதி திறக்கும் இடத்தில் பதின்மூன்று வருடங்களாக ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் நிற்கிறது. அதன் முன்பகுதி முழுவதும் முதலை வாய் போல முன்னால் கவிழ்ந்து திறக்கும். பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும். தபால்காரர் ஒருமுறை அதற்குள் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

ரெமிஜியஸ் கோலார் தங்கவயலில் பிறந்தவர். வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய பரம்பரை. இவர் மட்டும் இறங்கவில்லை. மற்றவர்களை இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜினுக்கு ஃபிட்டராக மேலேயே நின்றுகொண்டார். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஸ்பேனரோ, பல்சக்கரமோ, எதுவானாலும் அதன் மேல் ஒரு எண் குத்தியிருக்க வேண்டும். எண் இல்லாத சாமான் சுரங்கத்தின் சாமான் இல்லை. குத்துவதில் ரெமிஜியஸ் பெயர் போனவர். நேர்கோட்டில், ஒரே ஆழத்தில், கண்ணை மூடிக்கொண்டு குத்துவார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாயிரத்து ஒன்றில் நாட்டுக்குத் தங்கம் போதும் என்று முடிவாகி, சுரங்கத்தை மூடினார்கள். ரெமிஜியஸ் பெங்களூர் வந்தார், பொம்மசந்திராவில் ஒரு மாத்திரை கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தார், ஐரினைக் கல்யாணம் செய்துகொண்டார். ஐரினும் தங்கவயல்தான், இங்கே சர்ச் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கம்பெனியில் ரெமிஜியஸ் கை வைக்கலாம் என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும்தான் கை வைக்கலாம். மற்றதற்கு ஜெர்மனியிலிருந்து ஆள் வருவார். உலகத் தரமான ஒரு ஃபிட்டரை எட்டு மணி நேரம் கையுறை மாட்டி உட்கார வைத்தால் அந்த மனிதர் என்னதான் செய்வார்? குக் டவுனில் ஒரு பல் டாக்டரின் மனைவி விற்க முடியாமல் வைத்திருந்த ஹெரால்டை வாங்கினார்.

"கிறிஸ்மஸுக்கு உங்க அம்மா வீட்டு வாசல்ல கார்லயே எறக்குறேன் பாரு," என்றார் ஐரினிடம்.

எந்தக் கிறிஸ்மஸ் என்று ஐரின் கேட்கவில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் வருகிற தவறு என்பார்கள். அவர்களுக்குக் கல்யாணமாகி அப்போதே பத்து வருடம்.

தெருமுனையில் ஷெட் வைத்திருந்த பழனிச்சாமி, முப்பது வருட மெக்கானிக், முதல் வாரமே வந்து பார்த்தார். "அண்ணா, எங்கிட்ட விடு. ரெண்டு மாசத்துல ஓட்டிக்கினு போ."

"மெக்கானிக் கையில குடுத்தா அது அவன் காரு. நானே பண்ணாத்தான் அது என் காரு."

"அப்ப இது யாருக்குமே காரு ஆவாது," என்று சொல்லிவிட்டுப் பழனிச்சாமி டீ குடிக்காமலே போனார்.

ரெமிஜியஸ் வேலையைத் தொடங்கினார். வொர்க்‌ஷாப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து அட்டை போட்டார். ஐரினின் இட்லிப் பானையில் கார்பரேட்டர் வெந்தது. கியர்பாக்ஸ் துணி துவைக்கும் இடத்துக்குக் குடிபோனது. வாஷிங் மெஷின் ஹாலுக்கு வந்து சோபா பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு பாகத்தைச் சரிசெய்தால் பக்கத்துப் பாகம் அசிங்கமாகத் தெரியும். அதையும் கழற்றுவார். அதை மாட்டும்போது முதலில் மாட்டியது பழசாகியிருக்கும். சீட் ஒரு காரிலிருந்து வந்தது, கதவு இன்னொன்றிலிருந்து, வைப்பர் மோட்டார் எதிலிருந்து வந்தது என்று கொடுத்தவருக்கே தெரியாது. நிறம் மூன்று முறை மாறியது.

அவர் மாமியார் இறந்தது எட்டு வருடத்துக்கு முன், ஒரு ஜூலை மாதம். காலை ஆறு மணிக்கு போன் வந்தது. அன்றைக்கு இன்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பத்து மணிக்குள்ள எறக்கி மாட்டிடறேன் ஐரின். நாலு போல்ட்டுதான். கார்லயே போயிடலாம்."

நான்கு போல்ட்டில் மூன்று ஏறின. நான்காவது பதினொன்றரை வரை ஏறவில்லை. ரயில் போயிருந்தது. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியின் மேல் மண் விழுந்துகொண்டிருந்தது. ஐரின் ஒரு கைப்பிடி மண் போட்டாள். அம்மாவின் முகம் பார்க்கவில்லை. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ரெமிஜியஸ் இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லக்கூடியவருக்கு, சத்தம் வராத பழுதுகளில் அனுபவம் போதாது.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் தங்கவயலுக்கு மாரிக்குப்பம் ரயிலில் போனாள். "அடுத்த வருஷம் கார்ல," என்று ஒவ்வொரு வருடமும் வழியனுப்பினார்.

இந்த ஜூனில், வாஷிங் மெஷின் மேல் வைத்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ஐரின் தலை நிமிராமல் சொன்னாள்: "நவம்பர் ரெண்டு அம்மா கல்லறைக்கு இந்தக் கார்ல போறோம். போகலன்னா மூணாந்தேதி குஜிரிக்காரன் வருவான். கிலோ கணக்குல எடுத்துக்கட்டும்."

"யாரு, பழைய இரும்பு எடுக்கறவனா? ஐரின், இது ஹெரால்டும்மா."

"அவனுக்கு இரும்புதாங்க."

நான்கு மாதத்தில் ரெமிஜியஸ் செய்த வேலை, பதின்மூன்று வருடம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வியை எழுப்பக்கூடியது. நல்லவேளை, யாரும் எழுப்பவில்லை. காரின் மேற்கூட்டைத் தூக்கி வைத்துவிட்டு, அடியில் இருக்கும் சேஸிஸை, அதாவது கார் முழுவதும் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டத்தை, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தார். துருவோடு அவருக்கு இருந்தது பரம்பரைப் பகை. ஓர் அங்குலம் விடவில்லை. வலப்பக்கம் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகத் தென்பட்டன. துரு அரித்தது என்று அரத்தால் ராவி, பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட், கறுப்பு இரண்டு கோட் அடித்தார். தடவிப் பார்த்தால் குழந்தை கன்னம்.

அக்டோபரில் கார் கிளம்பியது. சும்மா இல்லை, ஒரே சாவியில் கிளம்பியது. பொய் சொல்லக் கூடாது: அவ்வளவு அழகாக ஓடிய பழைய காரை அந்தத் தெரு பார்த்ததில்லை. பழனிச்சாமியே வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "வாட்ச் மாதிரி ஓடுதுண்ணா," என்றார். மெக்கானிக்கின் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது எப்படிப்பட்ட வலி என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"ஏறு ஐரின், ஒரு ரவுண்டு."

"பேப்பர் வரட்டும். அப்புறம் ஏறறேன்."

ஆர்.சி. காலாவதியாகிப் பல வருடம். புதுப்பிக்க ரெமிஜியஸ் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் இளைஞர். காரைச் சுற்றி வந்து போனில் படம் எடுத்துக்கொண்டார். ரெமிஜியஸ் அருகில் நின்று சிரித்தார்.

"சூப்பர் சார். எல்லாம் நீங்களேவா? ஒரு பென்சில் பிரிண்ட் மட்டும் எடுத்துடலாம்."

அது எளிய சடங்கு. சேஸிஸில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் காகிதத்துக்கு வரும். அதை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள். இந்தியாவில் ஒரு கார் இன்ன கார்தான் என்று நிரூபிக்க வேறு வழி கிடையாது. இன்ஸ்பெக்டர் குனிந்தார். டார்ச் அடித்தார். காகிதத்தை வைத்துத் தேய்த்தார். காகிதம் கறுப்பாயிற்று.

"நம்பர் எல்லி சார்? எங்க போச்சு?"

ரெமிஜியஸ் குனிந்து பார்த்தார். வலப்பக்கம். குழந்தை கன்னம்.

"துருன்னு நெனச்சேன்," என்றார்.

வாலிபம் முழுவதும் இரும்பில் எண் குத்தியவர், இரும்பில் இருந்த எண்ணை அரத்தால் ராவி எடுத்திருந்தார். எண் இல்லாத சாமான் என்றால் என்ன என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கத்தவில்லை. மனு எழுதிக் கொடுங்கள், போலீஸில் தடையில்லாச் சான்று வாங்குங்கள், பிறகு ஆபீஸ் மூலமாக மறுபடி எண் குத்துவார்கள், மூன்று மாதம் ஆகும் என்றார். கல்லறைத் திருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

பழனிச்சாமியும் அதையே சொன்னார். "மனு போடுண்ணா. அக்காகிட்ட நடந்ததச் சொல்லு. மூணு மாசந்தானே?"

"அவகிட்ட சொல்ற மாதிரியாப்பா இருக்குது?"

"அதுக்காக வேற ஏதாவது ஏடாகூடமா பண்ணித் தொலைக்காத."

ரெமிஜியஸிடம் நம்பர் பஞ்ச் செட் இருந்தது. சுரங்கத்தில் இருந்தபோது சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. ஒன்பது உருக்குத் துண்டுகள்; ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. எண் ஆர்.சி.யில் இருக்கிறது. அவர் திருடவில்லை, பொய் எண் குத்தவில்லை, தன் காரின் சொந்த எண்ணை அதன் சொந்த இடத்தில் திருப்பி வைக்கிறார், அவ்வளவுதான். இப்படித்தான் அவர் யோசித்தார் என்று பின்னால் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கிறது. ஒரு தகட்டில் இருபது முறை பழகினார். பிறகு குத்தினார். இருபத்துநான்கு வருடம் கழித்தும் கோடு பிசகவில்லை.

ஐந்தாம் நாள் அதே ஆபீஸ், அதே இன்ஸ்பெக்டர். "தேடிப் பாத்தேன் சார், பெயின்ட்டுக்கு அடியில இருந்திச்சு."

இன்ஸ்பெக்டர் பிரிண்ட் எடுத்தார். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சார், நான் தினமும் முப்பது வண்டி பாக்கறேன். எதுலயாவது ஒரு எழுத்து சாஞ்சிருக்கும், ஒண்ணு ஆழம் கம்மியா இருக்கும். இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குது. யார் குத்தினாங்க?"

அந்த நேரத்தில் தெரியாது என்று சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். ஆனால் இருபத்துநான்கு வருடத்தில் அவர் எண் குத்தும் அழகைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

"நாந்தான் சார்," என்றார் ரெமிஜியஸ்.

கார் அன்று மாலை போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் நின்றது. திருட்டுக் காராக இருக்கலாம் என்று சந்தேகம். நவம்பர் ஒன்றாம் தேதி, வெளியே கர்நாடக மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சள் சிவப்புக் கொடி கட்டி ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்க, சப்-இன்ஸ்பெக்டர் மைதிலி ஐரினை வரச்சொன்னார். தமிழில்தான் பேசினார், அந்த ஏரியாவில் வேலை செய்தால் வந்துவிடும்.

"மேடம், ஸிம்பிள் விஷயம். பதிமூணு வருஷம் முன்னாடி உங்க வீட்டுக்காரர் வாங்கின கார் இதுதான்னு நீங்க எழுதிக் குடுத்தா, பேப்பர் சரியாகிற வரைக்கும் வீட்டுலயே நிறுத்திக்க விட்டுடறேன். ஓட்டக் கூடாது. அவ்வளவுதான். பாத்துச் சொல்லுங்க, இதுதானா?"

ஐரின் காரைச் சுற்றி வந்தாள். மூன்றாம் வகுப்பு நோட்டைத் திருத்துகிற கவனத்தோடு பார்த்தாள். ரெமிஜியஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கார்ல சீட்டு வேற மேடம். கதவு வேற. கலரும் வேற. நம்பர் இப்பக் குத்தினதுன்னு அவரே சொல்றாரு. இதுல நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல. இதுதான் அதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"வேற ஏதாவது அடையாளம் இருக்கா, யோசிச்சுப் பாருங்க."

"ஓடாம நிக்கும். அதான் அடையாளம். ஆனா இது ஓடுதாமே."

மைதிலி பேனாவை மூடினார். விசாரணை முடியும்வரை கார் ஸ்டேஷனிலேயே இருக்கும் என்றார். மரத்தடியில் ஏற்கெனவே பதினேழு வண்டிகள் அப்படித்தான் இருந்தன. ஒன்றில் செடி முளைத்திருந்தது.

வாசலில் ரெமிஜியஸ் சொன்னார்: "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஐரின். அடுத்த வருஷமாவது..."

"அன்னிக்குப் பத்து மணிக்குள்ளன்னு சொன்னீங்க. ஆமான்னுதான் சொன்னேன்."

எட்டு வருடத்தில் முதல் முறையாக அதைப் பேசியிருந்தாள். குரல் உயரவில்லை. கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ரயிலுக்குப் போறேன். வர்றதுன்னா சீக்கிரம் எந்திரிங்க."

"வர்றேன், வர்றேன். வராம?" என்றவர் திரும்பிக் காரைப் பார்த்தார். முன்பக்க இடது டயரில் காற்று இறங்கியிருந்தது. அப்படியே நின்றால் ரிம் டியூபைக் கடித்துவிடும். சனி ஞாயிறு இரண்டு நாளில் டயர் கெட்டுப்போகும்.

"நீ ஆட்டோ புடிச்சுப் போயிடு ஐரின். பத்தே நிமிஷம்."

அவள் போய்விட்டாள். ரெமிஜியஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காவலரிடம் போய், ஸ்டேஷனில் கைப்பம்பு இருக்கிறதா என்று கேட்டார்.