மணமில்லாத இருநூற்றுப் பதினான்கு குலைகள்

1927 நவம்பர் 14, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். விடிய விடியப் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. வெப்பமானி 74 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. கிள்ளான் சாலையில் எங்கள் துரையின் பங்களா வராந்தாவில், சிங்கப்பூர் ஓட்டல் ஒன்றுக்குப் பழம் வாங்கும் வெள்ளைக்காரர் ஒரு திராட்சையை மென்றார். பிறகு தட்டையே தூக்கி முகர்ந்தார். “சீனித் தண்ணீருக்குக்கூட இதைவிட வாசம் உண்டு” என்று ஆங்கிலத்தில் சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.

துரையும் ஒரு பழத்தைக் கடித்தார். அவர் முகம் சிவந்ததை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

நான் அங்கே கிராணி. கணக்கு எழுதுபவன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து சைக்கிளில் வருவேன். மாதம் 45 வெள்ளி. குலை, மழை, வெப்பம் எல்லாவற்றையும் எண்ணிச் சனிக்கிழமைதோறும் அறிக்கை எழுத வேண்டும். துரை கண்ணாடிக் கூரை போட்டு மஸ்கட் திராட்சை வளர்த்தார். அந்த இனத்துக்கு மணம்தான் விலை. இந்த ஊரில் குளிர்காலம் இல்லாததால் கொடி தானாகத் தூங்காது. தண்ணீரை நிறுத்தி, இலையை உருவி, நாங்களே தூங்க வைத்துக் கத்தரிப்போம். கத்தரித்த 118ஆம் நாள் பழம் அறுக்கலாம்.

முதல் காய்ப்பு அந்த வருடம் பிப்ரவரியில் வந்தது. வேலிக்கு வெளியே போன தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, “என்னண்ணே, உள்ளாற அத்தர் காய்ச்சுறீங்களா?” என்று கேட்டார். ‘மணம்: மிக நன்று’ என்று எழுதினேன். அது உண்மை.

இரண்டாம் காய்ப்பு நவம்பர் மழையில் பழுத்தது. துரை அப்போது மூன்று வாரம் பினாங்கில் இருந்தார். தோட்டத்து ஆட்களுக்குத் தலைவரான மண்டோர் காத்தமுத்து ஒரு சட்டம் வைத்திருந்தார்: தோட்டத்து மூலையில் இருக்கும் முனியாண்டிக்கு முதல் குலை படைக்கும்வரை யாரும் பழத்தைத் தின்னவும் கூடாது, முகரவும் கூடாது. “சாமிக்கு முன்னாடி மூக்கை நீட்டாதீங்க, கிராணியாரே” என்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிப்ரவரியில் நாங்கள் முகராமலே மணம் எங்களைத் தேடி வந்தது. இப்போது வரவில்லை. மழை அமுக்குகிறது என்று நினைத்தேன். எனக்குச் சளி வேறு. மூன்று சனிக்கிழமையும் பிப்ரவரி வரியைப் பார்த்து ‘மணம்: மிக நன்று’ என்றே எழுதி அனுப்பினேன். அதை நம்பித்தான் துரை அந்த வெள்ளைக்காரரை வரவழைத்தார். அன்று காலை ஐந்தரைக்குப் படையல் முடிந்தது. சூடமும் ஊதுபத்தியும் மூக்கில் ஏறியிருக்க, பன்னிரண்டு குலையை அறுத்துக் கூடையில் கொண்டு வந்தோம்.

துரை படியருகே நின்ற காத்தமுத்துவைப் பார்த்துக் கத்தினார். “மண்டோர்! இது நம்ம பழம் இல்லே. இது பாசார் பழம், சந்தைப் பழம்! நல்ல பழம் நீ வித்துப்போட்டே!”

“ஐயோ தொரை, முனியாண்டி மேல சத்தியம்! நானே அறுத்தேன், நானே சுமந்தேன்.”

“பன்னிரண்டு மணிக்கு வீடு காலி பண்ணு. நான் போலீஸ் கூப்பிடும்.”

காத்தமுத்துவுக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். “கிராணியாரே, நீங்களாச்சும் சொல்லுங்க. ஒண்ணொண்ணா எண்ணினீங்களே!”

எண்ணியிருந்தேன். முந்தின நாள் கொடியில் 214. சாமிக்கு 1, கூடையில் 12. மீதி 201 கொடியிலேயே இருந்தது. துரை அதை முகர்ந்தால் காத்தமுத்து தப்புவார். என் மூன்று வரிகள் மாட்டும். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் வாயைத் திறக்காமல் நின்றேன்.

கடைசியில் சொன்னேன்: “கொடியில இன்னும் 201 குலை இருக்கு, தொரை. அதையும் மோந்து பாருங்க.”

துரை தூறலிலேயே கண்ணாடி வீட்டுக்குள் போனார். பதினேழு குலைகளை முகர்ந்தார். பதினேழும் பச்சைத் தண்ணீர். வெளியே வந்து காத்தமுத்துவை அல்ல, என்னைப் பார்த்தார்.

“கிராணி, நீ மோந்து பார்த்தியா?”

“இல்லை, தொரை.”

“மூணு வாரமும்?”

“மூணு வாரமும் இல்லை.”

காத்தமுத்து ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “இவ்வளவு நேரம் வாயில என்னய்யா, கொழுக்கட்டையா?” என்று கேட்டார்.

மறுநாள் மழைப் பதிவேட்டைப் புரட்டினேன். பழம் பழுக்கும் கடைசி நாற்பது நாளில், முதல் காய்ப்பில் ஒன்பது நாள் மழை. இம்முறை முப்பத்து மூன்று நாள். இனிப்பு குறையவில்லை, எடை கூடியே இருந்தது. ஆனால் மஸ்கட்டின் மணம் தோலில் ஊறுவது. அதற்கு வெயில் வேண்டும். கண்ணாடிக் கூரை மழையைத் தடுத்ததே தவிர, வெயிலைக் கொண்டுவரவில்லை. காரணம் முழுவதும் என் கையெழுத்திலேயே இருந்தது. நான் கூட்டிப் பார்த்தேன், யோசித்துப் பார்க்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்துக்குத் திட்டுதான் கிடைக்கும். பொய்யாக நிரப்பிய கட்டம் இன்னொருவன் வீட்டைப் பிடுங்கப் பார்க்கும்.

காத்தமுத்து வேலையில் நீடித்தார். எனக்கு மாதம் ஐந்து வெள்ளி சம்பள உயர்வு இரண்டு வருடம் நின்றது. வந்தவரின் ரயில் செலவையும் துரை என் தலையில் கட்டினார். இரண்டும் சேர்த்து எனக்கு நஷ்டம் 151 வெள்ளி 60 காசு.