இருபத்திரண்டில் பதினேழு

யாழ்ப்பாண நகரத்தில் நான் வேலை செய்யும் மொழிபெயர்ப்புக் கடையில், ஒரு சனிக்கிழமை காலை, என் சிநேகிதி லவீனா தன் கரையில் வைக்கப்போகும் அறிவிப்புப் பலகையைப் பற்றி முதலில் சொன்னாள். அன்றைய கதை வரிசை குலையாமல் நினைவில் இருக்கிறது.

"பெயர் ஒண்டும் வராது. எண்ணிக்கை மட்டுந்தான்," என்றாள்.

"என்ன எழுதப்போறாய்?" என்று கேட்டேன்.

"'எங்கள் கரையில் இருபத்திரண்டு வள்ளங்களில் பதினேழு வள்ளங்கள் தங்கூசி வலை பாவிப்பதில்லை.' அவ்வளவுதான். அந்த நைலோன் வலை தடை எண்டாலும், எல்லாரும் களவாய்ப் பாவிக்கினம் எண்டு நினைச்சுத்தான் ஒருத்தன் தானும் செய்யிறான். கனபேர் செய்யேல்லை எண்டு தெரிஞ்சால் விட்டிடுவான். எங்கடை படிப்பு அப்பிடித்தான் சொல்லுது."

"மிச்சம் ஐஞ்சு பேரும் ஆர் எண்டு தேட மாட்டினமோ?"

"சுன்னாகத்தாள் எண்டதைக் காட்டிப்போட்டாய். உங்கடை வெங்காயத் தோட்டத்திலை எண்டால் வேலிக்கு மேலாலை எட்டிப் பாப்பினம். கடலிலை ஆர் எந்த வலை விட்டது எண்டு ஆருக்குத் தெரியும்?"

சிரித்தாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"வள்ளக்காரர் நிரப்பித் தந்த படிவங்களிலை ஒன்பதாவது உங்கடை அப்பாவின்ரை தானே?"

"ஓம்."

"அவர் தங்கூசி பாவிக்கிறன் எண்டு எழுதியிருக்கிறார்."

"மகள்தானே எண்டு உள்ளதை எழுதினவர். இருந்து பார், பலகையைப் பாத்துப்போட்டு அவரும் அதை விட்டிடுவார்."

"விடாட்டி?"

"விடாட்டியும் நீயும் நானும் வாய் திறக்கேலாது. ஆரின்ரை பெயரும் வெளியிலை வராது எண்டு அத்தினை பேருக்கும் கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறம்."

அதோடு அந்தக் கதை முடிந்தது.

லவீனாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அரியாலைக்கு அப்பால் கடல்நீர்க் களப்பை ஒட்டிய ஒரு சிறிய கரையில், தகப்பன் கிறகோரியோடு தனியே இருந்தாள். தாய் இறந்து பத்து வருடமாகிவிட்டது. கிறகோரி கைநீட்டுகிற மனிதர். மீன் படாத நாளில் வள்ளக்கயிற்றால் அடிப்பார். அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இருந்தது. யாராவது கேட்டால், "கயிறு வழுக்கினது," என்பாள். உளவியலில் பட்டம் பெற்று, ஓர் உள ஆற்றுப்படுத்தல் நிலையத்தில் வேலை செய்துகொண்டே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியலும் சுற்றுச்சூழல் நிலைபேறும் என்ற முதுமாணிப் படிப்பில் தொலைக்கல்வியாகச் சேர்ந்திருந்தாள். வகுப்புகள் கணினித் திரையில் நடந்தன. அவளுடைய ஆய்வுக்கான கேள்விக்கொத்துகளை நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

இதை ஏன் படிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். கழுத்தில் தங்கூசி இறுகிச் செத்த ஆமை ஒன்றை அவள் சிறுவயதில் பார்த்திருக்கிறாள். நூல் தோலை அறுத்து எலும்புவரை இறங்கியிருந்ததாம். தகப்பன் ஆமையின் தலையைக் கோடரியால் கொத்தி நீக்கிவிட்டு, வலையை மட்டும் மெல்லப் பிரித்தெடுத்தாராம். "கடல் சாகுது எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு ஏன் செய்யிறார் எண்டுதான் எனக்குத் தெரியவேணும்," என்றாள்.

பலகை மீனவர் சங்கக் கட்டடத்தின் வாசலில் வைக்கப்பட்டது. அதன்பின் வந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, வாசிப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன்.

ஞாயிறென்றால் அங்கே தொழிலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து வந்து, அவரவர் கம்பங்களில் வலைகளைக் காயவிட்டு, பொத்தல்களைப் பொத்துவார்கள். சங்கத் தலைவர் கொலின்ஸ் பலகைக்கு முன்னால் நின்று உரத்து வாசித்தார்.

"பதினேழு நல்லவங்கள். அப்ப ஐஞ்சு நாயள் ஆர்?"

"தலைவர், உங்களையும் சேத்தோ பதினேழு?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அது முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

கொலின்ஸ் திரும்பிக் கம்பங்களைப் பார்த்தார். தங்கூசியை யாரும் வெளியில் காயவிடுவதில்லை. ஐந்து கம்பங்கள் வெறுமையாக இருந்தன.

எண்ணுவதற்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. நான்கு பேர் பின்பக்கத்தால் ஓடிவிட்டார்கள். அவர்கள் வலை வைக்கும் வாடிகளின் கதவுகளைக் கோடரியால் பிளந்து, தங்கூசி வலைகளை இழுத்துவந்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஐந்தாவது கம்பம் லியோன் என்பவருடையது. அவர் ஓடவில்லை.

"என்ரை வலை வல்வெட்டித்துறையிலை மச்சானட்டை. கயிறு மாத்தக் குடுத்தனான்," என்றார்.

"ஓம், கயிறு. இஞ்சையும் கயிறு மாத்துவம், வா," என்றான் ஒருவன்.

கிறகோரியின் கம்பத்தில் ஒரு பழைய பருத்தி வலை தொங்கியது. மாதக்கணக்காகத் தண்ணீரைக் காணாத வலை. லியோனுக்கு விழுந்த முதல் அடி கிறகோரியுடையது. வள்ளம் தள்ளும் மரக்கோலை இரண்டு கையாலும் பிடித்து, லியோனின் முகத்துக்குக் குறுக்கே வீசினார். பிறகு யார் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. காலால், சவள் துடுப்பால், நங்கூரக்கல்லால் அடித்தார்கள். விரல்கள் முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. லியோனின் மனைவி லூர்த்தம்மா லவீனாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எண்ணினவள் நீதானேடி. என்ரை மனிசன் அதிலை இருக்கிறாரோ? சொல்லடி."

லவீனா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

லியோனுக்கு வலது கண் போய்விட்டது. வள்ளத்தில் வழுக்கி விழுந்ததாக, கொண்டுபோனவர்கள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

செவ்வாய் காலை லவீனா தொலைபேசியில் கூப்பிட்டாள். லியோனின் வள்ளத்தைக் கொத்தப்போகிறார்கள் என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பதினைந்து பேர் கோடரிகளோடு நின்றார்கள். லூர்த்தம்மா வள்ளத்துக்குள் குப்புறக் கிடந்தாள். ஒருவன் அவளுடைய காலைப் பிடித்து இழுத்தான். கிறகோரி வள்ளத்தின் வெளி எஞ்சினின் மேல் கோடரியை ஓங்கிக்கொண்டு நின்றார்.

"லியோன் அண்ணை அந்த ஐஞ்சிலை இல்லை," என்றாள் லவீனா.

"அப்ப ஆர்?" கொலின்ஸ் கேட்டார்.

அவள் தகப்பனைக் காட்டினாள். "இவர். தங்கூசி வீட்டிலை சாமிப்படத்துக்குக் கீழை உரப்பைக்குள்ளை கிடக்குது. போய்ப் பாருங்கோ."

கிறகோரி கோடரியைக் கீழே போட்டார். மகளின் தலைமயிரைக் கையில் சுற்றி, முகத்தை வள்ளத்தின் விளிம்பில் மோதினார். மூன்று முறை. இரண்டாம் முறை பல் தெறித்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. அப்போதுதான் ஆட்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். லியோனை அடித்த அதே மரக்கோலால் அவருடைய கையை இரண்டு இடத்தில் முறித்தார்கள். உரப்பையைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே எரித்தார்கள். அவருடைய வள்ளத்தைப் பலகை பலகையாகக் கொத்தினார்கள். லவீனா மணலில் இருந்து, வாயிலிருந்து வழிந்த இரத்தத்தைக் கையில் ஏந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்பாட்டச் சொல்லவில்லை.

கிறகோரி முல்லைத்தீவில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். லவீனா தாடைக்குக் கம்பி கட்டி, ஏழு கிழமை சுன்னாகத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். உறிஞ்சுகுழலால் கஞ்சி குடித்தாள். ஒருநாள் ஓட்டோ பிடித்து லியோனைப் பார்க்கப் போனாள். லூர்த்தம்மா நண்டு அவித்த கொதிநீரை அவள் காலில் ஊற்றினாள். கொப்புளங்களோடு திரும்பி வந்து, "ரண்டு நாள் பிந்தித்தானே சொன்னனான்," என்று மட்டும் சொன்னாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆய்வினால் பங்குபற்றியவர்களுக்கு ஏதாவது தீங்கு நேர்ந்ததா என்று கேட்டிருந்தார்கள். தீங்கு பெரிதென்றால் ஆய்வை நிராகரிக்கலாம், அவளைப் படிப்பிலிருந்தே நீக்கலாம் என்று அடியில் குறிப்பு இருந்தது. இரண்டு வருட உழைப்பு அது. அவளிடம் வேறெதுவும் மிஞ்சியிருக்கவில்லை. நான் அவளுக்காக ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். பலகையின் காரணமாகச் சமூகத்தில் ஓரளவு பதற்றம் ஏற்பட்டது, பின்னர் நிலைமை தணிந்தது என்ற கருத்தில் இரண்டு வரிகள். பொய் என்று சொல்ல முடியாத வரிகள்.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். கம்பிக்குள்ளால், பல்லைத் திறக்காமல் பேசினாள்.

"இதை வெட்டு. லியோன் அண்ணைக்கு ஒரு கண் போயிட்டுது எண்டு எழுது. ஆர் அடிச்சது, ஆர் எண்ணிக் குடுத்தது, ஆர் ரண்டு பேர் தெரிஞ்சுகொண்டும் சும்மா நிண்டவை எண்டு எழுது. இங்கிலிஷ் தெரியாமல் உன்னட்டைக் கேக்கேல்லை. நான் எழுத இருந்தால் என்ரை கையும் உன்னைப் போலை ஒரு நல்ல சொல்லைத்தான் தேடும். நான் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதித் தா."