பெரிய கசத்துச் செருப்புப் பலகை

2025 மார்ச் 22, சனிக்கிழமை, காலை 6.40. கண்டியில் மழை இல்லை. ஏரியின் மேல் மூட்டம். ஹந்தானை மலை உச்சி தெரியவில்லை. உச்சி தெரியாத நாளில் பிற்பகல் மழை வரும் என்பது என் அனுபவம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி சரஸ்வதி பஸ்ஸில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டாள்.

நாங்கள் போனது தெல்தோட்டைக்கு அப்பால், ஒரு தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் உள்ள பெரிய கசத்துக்கு. ஆறு பாறைகளுக்கிடையில் ஆழமாகத் தேங்கும் இடத்தை அங்கே கசம் என்கிறார்கள். தோட்டத்து மக்களே ஒரு குழுவாகச் சேர்ந்து, படி வெட்டி, கயிறு கட்டி, கட்டணம் வாங்கி அதை நடத்துகிறார்கள். குண்டசாலையில் இருக்கும் மகள் போனில் படம் காட்டிய நாளிலிருந்து சரஸ்வதிக்கு அதே பேச்சு. அவள் தோட்டத்தில் பிறந்து ஆற்றில் நீந்தி வளர்ந்தவள். என்னைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தபின் நாற்பத்தொரு வருடங்களாகக் குழாய்த் தண்ணீர்தான்.

"முட்டி முழுசா போறதுக்குள்ள ஒரு தடவ நீந்திப் பாத்துறணும்" என்றாள்.

அவளுக்கு வயது அறுபத்தாறு. பிரஷருக்குத் தினமும் இரண்டு மாத்திரை. எனக்கு நீந்தத் தெரியாது. அவளுக்கு ஏதாவது ஆனால் கரையில் நின்று கத்துவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வழி முழுவதும் இதே நினைப்பு.

தெல்தோட்டைக்குத் தலைக்கு 140 ரூபாய். கலஹாவுக்குப் பிறகு வளைவுகளை எண்ணத் தொடங்கி, நாற்பதில் தலை சுற்றி நிறுத்தினேன். 8.50க்கு இறங்கி, அங்கிருந்து நான்கு கிலோமீற்றருக்கு 600 ரூபாய் பேசி த்ரீவீல் பிடித்தோம். ஓட்டியவர் நிஸாம் என்ற இளைஞர்.

"மழ வருமா தம்பி?"

"வரும் பெரியவர், பகலைக்குப் பொறகு. மழைக்குப் பயந்தா குளிக்க ஏலுமா?"

"நான் குளிக்கல."

"அப்ப என்னத்துக்குப் பயப்படுறீங்க?"

"அவரு எனக்கும் சேத்து பயப்படுறாரு தம்பி" என்றாள் சரஸ்வதி. நிஸாம் சிரித்த சிரிப்பில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது.

வாசலில் புஷ்பம் இருந்தார். வார நாட்களில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். சனி, ஞாயிறு கழுத்தில் விசிலோடு கசத்துக்குக் காவல். கட்டணம் தலைக்கு 200. சோப்பு கூடாது, சாராயம் கூடாது. தொண்ணூற்று நான்கு படிகள் இறங்கினால் ஒரு மஞ்சள் கயிறு, அதன் அருகே ஒரு நீளப் பலகை. கயிற்றைத் தாண்டுகிற எவரும் செருப்பை அந்தப் பலகையில் வைத்தாக வேண்டும்.

என்னுடையது பிரவுண் நிறத் தோல் செருப்பு, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "களவு போனா யாரு பொறுப்பு?" என்று கேட்டேன்.

"ஐயா, இங்க செருப்புதான் கணக்கு" என்றார் புஷ்பம். "ஆத்துக்குத் தலப்புல, மேல மலையில மழ பேஞ்சா, இங்க வெயில் அடிக்கயிலயே வெள்ளம் வந்துரும். மேல் லயத்து வீட்டுக்காரங்க எனக்கு போன் பண்ணுவாங்க. நான் விசில் ஊதினதும் எல்லாரும் செருப்ப எடுத்துக்கிட்டு மேல ஏறிறணும். பலகையில செருப்பு மிஞ்சிச்சுன்னா ஆளு தண்ணிக்குள்ளன்னு அர்த்தம்."

அதைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது. படி இறங்கி, சரஸ்வதியின் செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பையும் வைத்துவிட்டு, ஒரு பாறையில் உட்கார்ந்து பாதத்தை மட்டும் நனைத்தேன். எலும்பு வரை குளிர்ந்தது.

தண்ணீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில், அடிக்கல் தெரியும்படி தெளிவாக இருந்தது. சரஸ்வதி இடுப்பளவு போனாள், நின்றாள், திடீரென்று மூழ்கினாள். எண்ணினேன். பதினொன்றில் தலை தெரிந்தது. அடுத்தமுறை பதினான்கு. பிறகு எதிர்ப்பாறைவரை நீந்திப் போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்து எனக்குக் கை காட்டினாள். முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கேட்கும் பெண்ணா இவள் என்று தோன்றியது.

11.35க்கு, நல்ல வெயிலில், விசில் மூன்று முறை நீளமாக ஒலித்தது.

அவள் அப்போதும் எதிர்ப்பாறையில்தான் இருந்தாள். அவள் நீந்தி வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. கரையில் கால் வைத்ததும் கையைப் பிடித்து இழுத்தேன். "இருங்க, செருப்பு" என்று பலகைப் பக்கம் கையை நீட்டி அவளுடையதை எடுத்தாள். நான் நிற்கவில்லை. ஏறும்போது படிகளை எண்ணவுமில்லை.

மேலே தேநீர்க் கொட்டிலில் போட்டிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் கசம் செம்மண் நிறமாகிவிட்டது. நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை. அப்போது கீழே ஒரே சத்தம்.

"செருப்பு ஒரு சோடி நிக்குது! ஆளு உள்ள!"

புஷ்பத்தின் கணவர் செல்வம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கினார். நான்கு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். அவர் மூழ்கினார், எழுந்தார், மறுபடி மூழ்கினார். புஷ்பம் அசையாமல் நின்றார்.

"பாத்தியா, இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்றேன். "எந்த வீட்டுப் பிள்ளையோ."

"பிள்ள இல்லீங்க" என்றார் கீழிருந்து ஓடி வந்த ஒருவர். "வயசாளிங்க போடுற செருப்பு. பிரவுண் கலரு."

சரஸ்வதி மெதுவாகக் குனிந்து என் கால்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெறுங்கால். பெருவிரலுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து கத்தினேன். ஆற்று இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சரஸ்வதி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத விசில். கீழே அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். நான் வாங்கின்மேல் ஏறி, கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு வெறுங்காலைத் தூக்கிக் காட்டினேன். புஷ்பத்துக்குப் புரிந்தது. கயிறு இழுக்கப்பட்டது.

செல்வம் மேலே வந்தபோது முழங்கையில் தோல் கிழிந்து இரத்தம் வடிந்தது. என் செருப்பைக் கொண்டுவந்து என் காலருகே வைத்தார்.

"விளக்கமெல்லாம் நல்லாத்தான் கேட்டீங்க ஐயா" என்றார் புஷ்பம். கொட்டிலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, செல்வத்தின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு இருக்காருல்ல, விடு" என்றார் செல்வம்.

செல்வத்திடம் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினேன். வாங்கவில்லை. "எனக்கு வேணாங்க. வேணும்னா புதுக் கயித்துக்குக் காசு சேக்குற பொட்டியில போடுங்க. கயிறு பழசாப் போச்சு." பழைய கயிறு. அதை அவர் சொன்ன பிறகு இன்னொரு ஐந்நூறையும் சேர்த்துப் போட்டேன்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், பகலுக்குள் திரும்புங்கள், விசில் கேட்டால் எதை மறந்தாலும் செருப்பை மறக்காதீர்கள். திரும்பும் பஸ்ஸில் சரஸ்வதி ஈரத்தலையோடு என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கண்டியில் இறங்கி ஏரிக்கரையோரம் நடந்தோம். அங்கே நூறு பேராவது போய்வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் வீடு திரும்பவில்லையென்றால் இந்தக் கரையில் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

இருவருக்கும் பஸ் போகவர 560, த்ரீவீல் 1,200, நுழைவு 400, ரொட்டியும் பிளேன்டீயும் 360, கயிற்றுப் பெட்டிக்கு 1,000. மொத்தம் 3,520 ரூபாய்.