மூக்கண்டப்பள்ளிச் சூரியன்

அந்த விளக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தையில் சுருட்டப்பட்டு, குட்டியானை வண்டியின் பின்தட்டில் படுத்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு. ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் நான். ஓசூரிலிருந்து நாகரசம்பட்டி போய்ச் சேரும்வரை, வேகத்தடை வந்தபோதெல்லாம் அக்காவின் இரண்டு கைகளும் தாமாக மெத்தைமேல் போய் விழுந்தன. காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர் மாதிரி. சூளகிரி தாண்டியதும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, மழ வந்தா நீயும் நானும் நனைவோம். அது நனையக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். நனைவது எனக்குப் புதிதில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். கிரானைட் பட்டறையில் கல்லுக்கு மெருகு போட்டேன். மாங்கூழ் ஆலையில் ஒரு சீசன், லாரியில் கிளீனராகக் கொஞ்ச காலம், பிறகு சென்னைக்குப் போய் சினிமாவில் லைட்மேன். எங்கேயும் கால் தரித்ததில்லை. படம் இல்லாத மாதங்களில் மூக்கண்டப்பள்ளிக்கு வந்து, ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களோடு ஒரே அறையில் தங்குவேன். ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால் அந்தப் பாயில் இன்னொருவர் படுக்கலாம். அறைக்கு எதிரே ஒரு தகர ஷெட். அது அக்காவுடையது. கூடப் பிறந்தவர் இல்லை, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் என்ஜினியராக இருந்து, அதை விட்டுவிட்டு, நான்கைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு தெருவிளக்குகள் செய்துவந்தார். அதே மாதிரி விளக்கு வெளியிலிருந்து மலிவாக வந்து குவிந்தபோது ஆர்டர் நின்றுபோனது. அதன்பிறகு இருந்ததையெல்லாம் போட்டு ஒரே ஒரு விளக்கைச் செய்தார். சினிமாக்காரர்களுக்கான பகல் வெளிச்ச எல்.இ.டி. விளக்கு. நான் லைட்மேன் என்று தெரிந்த அன்று, டீக்கடையில் வைத்தே என்னைப் பிடித்துக்கொண்டார்.

நாகரசம்பட்டி மாந்தோப்பில் நான் வேலை செய்த படத்தின் படப்பிடிப்பு நடந்தது. அதன் கேமராமேனிடம் சொல்லி, ஒரு நாள் போட்டுப் பார்க்கச் சம்மதம் வாங்கியிருந்தேன். அவர் சரி என்றால், சென்னையில் விளக்கு வாடகைக்கு விடுகிற முதலாளி தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றால் அந்த மாதத்தோடு ஷெட் காலி. அந்தப் பெண்கள் மறுபடி காண்ட்ராக்ட் வேலைக்குப் போகவேண்டும். இதை அக்கா புலம்பிச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னார்.

முதல் தடவை ஷெட்டில் அவர் அதைப் போட்டுக் காட்டியதை மறக்கமுடியாது. அணைந்திருக்கும்போது அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. அலுமினியப் பெட்டி, பின்னால் காற்று இழுக்க ஒரு வலை, முன்னால் ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் பொட்டு ஒன்று. யாரோ மஞ்சளைக் குழைத்து வைத்ததுபோல இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு, "கண்ண அந்தப் பக்கம் வச்சுக்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார். ஷெட்டுக்குள் பகல் வந்து நின்றது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சுவரில் பல்லியின் கால்விரல்கள் தெரிந்தன. பெண்களின் நீலச் சட்டையில் ஒவ்வொரு நூலும் தெரிந்தது. வெளிச்சத்தைத் தூக்கிச் சுமந்தே பல வருடம் ஓட்டியவன் நான். பழைய விளக்குகள் சுட்ட தழும்பு என் முழங்கையில் இரண்டு உண்டு. எங்கள் தொழிலில் அது எல்லோருக்கும் இருக்கும். ஆனால் அந்தப் பொட்டுக்குள்ளிருந்து இவ்வளவு வெளிச்சம் கொட்டியதைப் பார்த்தபோது, கோயிலில் நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தோப்பில் எங்கள் சீஃப், அதாவது லைட்மேன்களுக்கெல்லாம் தலைவர், மெத்தையைப் பிரிப்பதைப் பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டார். சென்னைக்காரர்.

"இன்னாடா இது, மூக்கண்டப்பள்ளி சூரியனா? ஜெனரேட்டர் வண்டிய எங்க வுடணும்?"

"வேணாம் அண்ணே. தோட்டக்காரர் வீட்டுப் ப்ளக்கே போதும்."

"மிக்சி போடற ப்ளக்கா? ஏம்மா, சட்னி அரைக்க வந்தியா, படம் புடிக்க வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "ரெண்டும் ஆகும் அண்ணாச்சி. மொதல்ல படம் புடிப்போம்" என்றார். சீஃபுக்கு உடனே அக்காவைப் பிடித்துப்போயிற்று, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு: சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவோம். சீஃபே சாமந்தி மாலையை எடுத்து நீட்டி, "பெத்தவ நீதானே, நீயே போடு" என்றார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கின் தலையைச் சுற்றிப் பின்பக்கம் தொங்கும்படி மாலையைப் போட்டார். கண்ணை மூடியபடி வெகுநேரம் நின்றார்.

கேமராமேன் அதிகம் பேசாதவர். அக்கா காகிதத்தில் போட்டுக்கொண்டு வந்த அளவுகள் எதையும் அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ போய் நில்லு" என்றார். நடிகர் வரும்வரை அவருடைய இடத்தில் நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான். மாமரத்தின் கீழே கனத்த நிழல். எனக்குப் பின்னால் தோப்புக்கு வெளியே ராகிக் கொல்லையில் வெயில் வெள்ளையாக எரிந்தது. அந்த வெயிலுக்கு ஈடாக நிழலில் நிற்கிற முகத்தை வெளிச்சத்தால் தூக்கவேண்டும். அதற்குத்தான் லாரி அளவு ஜெனரேட்டரும் அடுப்பு மாதிரி விளக்குகளும் வைத்திருந்தோம். மட்டமான எல்.இ.டி. விளக்கு என் மாதிரிக் கறுத்த தோலில் பட்டால் சாம்பல் பூசியதுபோல, பாசி பிடித்ததுபோலக் காட்டும். நானே அப்படித்தான் எதிர்பார்த்தேன். மானிட்டரைத் திருப்பிக் காட்டினார்கள். இலைகளுக்கு நடுவே புகுந்து வந்த காலை வெயில் மாதிரி அந்த வெளிச்சம் என் கன்னத்தில் விழுந்திருந்தது. கறுப்புக்கு அடியில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. கல்பட்டறையிலும் லாரியிலும் தேய்ந்த முகத்தில் அப்படி ஒரு நிறம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கேமராமேன் முதல் தடவையாக அக்கா பக்கம் திரும்பினார். "எந்தச் சுவர்ல போட்டு டெஸ்ட் பண்ணீங்க மேடம்?"

"சுவர்ல போடல சார். எங்க ஷெட்டுப் பிள்ளைக மூஞ்சியில போட்டோம். அவுக ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நிறம்."

நடிகர் வந்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது கேமராமேன் கையைத் தூக்கினார். "முகம் இறங்குது." எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விளக்கு முன்போலவே கண்ணைக் கூசவைத்தது. வெளிச்சம் அளக்கிற மீட்டரைக் கொண்டுபோய் நடிகரின் முகத்தருகே பிடித்தார். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே இருந்தது. சீஃப் என் காதருகே, "சூரியன் அஸ்தமிக்குதுடா" என்றார். அக்கா ஓடவில்லை. நடந்துபோய் விளக்கின் பின்னால் உள்ளங்கையை வைத்தார். காற்று வரவில்லை. மாலையைத் தூக்கினார். சாமந்தி இதழ்கள் வலை முழுக்க உறிஞ்சப்பட்டு, அடை தட்டியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே சூடு ஏற, விளக்கு தன்னைத்தானே தணித்துக்கொண்டிருந்தது.

தூசி என்று அவர் சொல்லியிருக்கலாம், கரண்ட்டைக் குறை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால், "எவ்வளவு காத்து வேணும்னு கணக்குப் போட்டு அந்த விசிறிய வச்சதும் நான். அது வாயில பூவத் திணிச்சதும் நான்தான்" என்றார். இதழ்களைச் சுரண்டி எடுத்தார்.

கேமராமேன் சிரிக்கவில்லை. "இன்னிக்கிப் பூ, நாளைக்கு மா எல. ஒரு லைட் செத்தா நான் ஷாட்ட நிறுத்துவேன் மேடம். சொல்லாம கொள்ளாமக் குறைஞ்சா, அது படத்துக்குள்ள போயிடும். எடிட்டிங்லதான் தெரியும். அந்தத் தணியற வேலைய எடுத்துடுங்க. முழுசா எரியட்டும். அப்பதான் நான் எடுத்துக்க முடியும்."

"அத எடுத்தா உள்ள கருகும் சார். தொடறவன் கையும் சேந்து கருகும்." என் முழங்கையைப் பிடித்து அவர் பக்கம் திருப்பினார். "இந்த மாதிரி."

"அப்ப வண்டில ஏத்திடுங்க."

"ஏத்திடறேன். தணியறத எடுக்க மாட்டேன் சார்."

ஷெட், அந்தப் பெண்கள், எதிர் அறையிலிருந்து நான் பார்த்த எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டதாகத்தான் நினைத்தேன். அக்கா கடைசி இதழையும் வலையிலிருந்து கிள்ளி எடுத்தார். பிறகு, "சொல்லாமக் குறையுதுன்னுதான சார் வருத்தம்? சொல்லிட்டுக் குறைஞ்சா?" என்றார். கேமராமேன், சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் செய்து காட்டச் சொன்னார்.

நாங்கள் சாப்பிட்டோம். அக்கா மாமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பும் பக்கத்தில் திறந்த விளக்குமாக வேலை செய்தார். நான் கொண்டுபோய் வைத்த சாப்பாட்டில் எறும்பு ஏறியது. நாங்கள் கை கழுவி வரும்போது விளக்கின் பின்பக்கம் ஒரு சிறிய சிவப்புப் பொட்டு முளைத்திருந்தது. சூடு ஏறத் தொடங்கினால் முதலில் அது எரியும். வெளிச்சம் குறைவது அதற்கு வெகு பின்னால்தான். கேமராமேன் தன் துண்டை எடுத்துத் தானே வலையை அடைத்து, எதிரில் ஸ்டூல் போட்டு, மீட்டரோடு உட்கார்ந்தார். சிவப்பு எரிந்தது. மீட்டரில் வெளிச்சம் இறங்கவில்லை. துண்டை எடுத்தார். சிவப்பு தானாக அணைந்தது. அவர் எழுந்து கேமராவிடம் போனார்.

ஷாட் நெருக்கமானது. நடிகரின் முகமும் பின்னால் கொஞ்சம் மா இலைகளும். அவர் பேசத் தொடங்கிய பிறகுதான் காலையிலிருந்து மிரட்டிக்கொண்டிருந்த மேகம் வந்தது. ராகிக் கொல்லை மங்கியது, தரையில் கிடந்த வெயில் திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. வழக்கமாக இந்த இடத்தில் "வெயில் போச்சு" என்று ஒருவர் கத்துவார். எல்லோரும் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்போம். என் சினிமா வாழ்க்கையில் பாதி அப்படி உட்கார்ந்திருந்ததுதான். அன்று யாரும் கத்தவில்லை. என் கைமேல் மேகத்தின் குளிர். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மனிதனின் முகத்தில் உச்சிவெயில். அவர் பேசி முடிக்கும்வரை அந்த வெயில் இம்மியும் அசையவில்லை.

இன்று மழைநாளில் வெயில் காட்சி எடுக்கிறார்கள், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிதாக வருகிற லைட்மேன்களின் முழங்கைகள் வழவழவென்று இருக்கின்றன. நான் அதன்பிறகும் எங்கும் நிலைக்கவில்லை. நடுவில் ஓராண்டு குஜராத்துக்கு ஓடினேன், திரும்பி வந்தேன். எந்த ஊரில் எந்த விளக்கு எரிந்தாலும் மேகம் மூடும் அந்தக் கணத்தில் மட்டும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கிறேன். வசவு விழும். விழட்டும்.

அன்று கேமராமேன் மானிட்டரிலிருந்து தலையை எடுத்து, "அடுத்த ஷாட். லைட்ட அந்தப் பக்கம் கொண்டாங்க" என்றார். அவ்வளவுதான். அக்கா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வேகமாக வந்தார்.

"என்ன தம்பி சொன்னாரு?"

"அடுத்த ஷாட்டாம் அக்கா."

"அது சரி. விளக்கப் பத்தி என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அவர் முகம் விழுந்துவிட்டது. விளக்கின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்த சீஃப் நின்றார். "ஏம்மா, நான் தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து அந்தாளு எந்த லைட்டயும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. திட்டுவாரு, இல்ல அடுத்த ஷாட்ன்னுவாரு. உனுக்கு அடுத்த ஷாட்டு. ஓரமா நில்லு, கேபிள் கால வாரிடும்."

அக்கா ஓரமாக நிற்கவில்லை. தரையில் கிடந்த கேபிளைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார். சீஃப் திரும்பிப் பார்த்துவிட்டு, நடையைக் கொஞ்சம் தளர்த்தினார்.